ஒரு சஹன், நாலு கை

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கண்டக்குழி மருந்தகத்துக்குள் வந்த சாரா உம்மா, கதிரையில் இருந்தார், எழுந்தார், மறுபடியும் இருந்தார். முந்தானை நுனியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"மிஸ்ஸி, என்னை நல்லாப் பாருங்க. நான் நஞ்சு வைக்கிற பொம்புளையா?"

அரசாங்க மருத்துவிச்சி பவுலினா நிமிர்ந்து பார்த்தார். அந்த ஊரில் இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளை பெறுவித்து வருபவர் அவர். யார் எதைச் சொன்னாலும் முகம் மாறாது. பக்கத்து மேசையில் மருந்து கலக்கும் வின்சன்டின் முகமோ உடனே மலர்ந்தது. துப்பறியும் நாவல்களை வாசித்து வாசித்து, இருமல்காரனைக் கண்டால்கூட 'யார் கொடுத்த நஞ்சோ' என்று யோசிக்கிற மனிதர். கொப்பியைத் திறந்து, பேனை மூடியைப் பல்லால் கழற்றினார்.

"முதல்ல ஒரு மிடறு தண்ணி குடியுங்க. பிறகு கதையுங்க" என்றார் பவுலினா.

சாரா உம்மா குடிக்காமலே கதைத்தார்.

அவருடைய மகன் ஜபாருக்கும் ஹிதாயாவுக்கும் கல்யாணமாகி மூன்று மாதம். ஹிதாயா யுத்தத்தில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, தகப்பன் அபூசாலியோடு பாலாவிப் பக்கத்து அகதி முகாமில் மூன்று வருடம் இருந்த பிள்ளை. அவளுக்கு இறால் ஆகாது. பட்டாலே உதடு தடிக்கும், மூச்சு அடைக்கும். சாரா உம்மா முதலில் ஏதோ கிரந்தி என்றுதான் நினைத்தார். புத்தளத்து டொக்டர், இது உயிரோடு விளையாடுகிற விஷயம் என்று சொல்லி அனுப்பினார்.

கண்டக்குழியில் இறால் ஆகாத மருமகள் என்பது சிறிய சங்கதி அல்ல. அதிலும் சாரா உம்மாவின் புருஷன் ஹயாத்து முகம்மது ஹாஜியாருக்கு நாலு படகு. ஐஸ் பெட்டியில் கொழும்புக்குப் போவது முழுக்க அவருடைய இறால். ஆனால் ஹாஜியார் பெரிய மனம் படைத்தவர். இது அவரே சொன்ன தகவல். கல்யாணப் பந்தலில் ஒலிபெருக்கியைப் பிடித்து, "என் மருமகளுக்கு ஆகாத பண்டம் என் வீட்டு வாசலைத் தாண்டாது. இன்றிலிருந்து நானும் இறாலை வாயில் வைக்க மாட்டேன்" என்று அறிவித்தார். சிலர் கண் துடைத்தார்கள். பிறகு கடற்றொழிலாளர் சங்கக் கூட்டத்தில், பாடசாலைப் பரிசளிப்பில், இரண்டு சாவு வீடுகளில் அதையே திரும்பச் சொன்னார். "அப்ப விக்கிறதையும் விட்டிருவீங்களா ஹாஜியார்?" என்று ஒரு கிழவர் கேட்டபோது, அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி நின்றுபோனது.

"வீட்டுல இறால் வாசமே இல்ல மிஸ்ஸி. ஆனா மூணு வெள்ளிக்கிழமை! சோறு தின்டு முடியக்குள்ள பிள்ளைக்கு உதடு தடிச்சிருது. போன கிழமை தொண்டையே அடைச்சிட்டுது. வேன்ல போட்டுக்கிட்டு ஓடுறம், பாலாவியில மறிச்சு எல்லாரையும் இறக்குறாங்க. பிள்ளை மூச்சு விடேலாமக் கிடக்குது, ஆமிக்காரன் அவள்ட அடையாள அட்டையைக் கேக்குறான்." முந்தானை நுனியை மறுபடியும் விரலில் சுற்றினார். "இன்னொருக்கா இப்படிப் பிந்தினாக் கஷ்டம் எண்டு டொக்டர் சொல்லிட்டார். அபூசாலி காக்கா வார வெள்ளிக்கிழமை பிள்ளையக் கூட்டிட்டுப் போறாராம். திருப்பி அனுப்ப மாட்டாராம். சமைக்கிறது நான். ஊர் யாரைச் சொல்லும்?"

"நீங்க யாரைச் சொல்றீங்க?"

"அல்லா மேல ஆணையா எனக்குத் தெரியா. தெரிஞ்சா இங்க வருவனா? அந்தப் பிள்ளை போனா எனக்கு வீட்டுல கதைக்க ஆளில்ல மிஸ்ஸி. அவர் கதைப்பார், நான் கேப்பன். அது கதையா?"

பவுலினாவின் இதழோரம் கொஞ்சம் அசைந்தது. "வெள்ளிக்கிழமை யார் யார் சாப்பிடுறது?"

"சஹன்லதான். அவர், ஜபார், பிள்ளை, வந்தா அபூசாலி காக்கா. நாலு பேரும் ஒரே தட்டுல. நான் பரிமாறுவன்."

வின்சன்ட் துள்ளினார். "ஒரே தட்டு! நாலு பேர் சாப்பிட, ஒருத்திக்கு மட்டும் நஞ்சு ஏறுது! என்ன தந்திரம் மிஸ்ஸி!"

"மற்ற மூண்டு பேருக்கும் இறால் ஒத்துக்கொள்ளும், வின்சன்ட்."

வின்சன்ட் எழுதியதை வெட்டினார்.

"வருத்தம் வராத வெள்ளிக்கிழமையும் இருக்கா?"

சாரா உம்மா விரல் மடித்து யோசித்தார். "இருக்கு. பாதையை மூடி, அபூசாலி காக்காவால வர ஏலாமப் போன நாளெல்லாம் சுகமாத்தான் இருந்தாள்."

வின்சன்ட் 'அபூசாலி' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தார்.

வியாழன் காலை இருவரும் ஹாஜியார் வீட்டுக்குப் போனார்கள். வின்சன்டை ஹாஜியார் விறாந்தையில் பிடித்து வைத்துக்கொண்டார். பவுலினா குசினிக்குள் நுழைந்தார்.

சட்டி பானை எல்லாம் புதிது. இறால் காய்ச்சிய பழைய சட்டிகளைச் சாரா உம்மா கல்யாணத்துக்கு முதல்நாளே உடைத்திருந்தார். அம்மிகூடப் புதிது. எண்ணெய்ப் போத்தலைப் பவுலினா முகர்ந்து பார்த்தார், தேங்காய் வாசம்தான்.

கொடியில் உடுப்புக் காய்ந்தது. கை துடைக்கிற வெள்ளை லேஞ்சி ஒன்றின் நடுவில் மஞ்சளாக ஒரு கறை.

"இது அவர்ட வெள்ளிக்கிழமை லேஞ்சி. எந்தச் சவுக்காரத்துக்கும் போகுதில்ல. கேட்டா அத்தர் எண்டுறார்."

"அத்தர் மஞ்சளா?"

"மக்கத்து அத்தராம். எனக்கென்ன தெரியும்?"

வாசலில் ஒரு சாம்பல் பூனை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சாரா உம்மா அதைக் காலால் தள்ளினார். "இது ஒரு சனியன். மத்த நாள்ல அவரைத் திரும்பியும் பாக்காது. வெள்ளிக்கிழமை அவர் பள்ளியால வந்தா மட்டும் காலைச் சுத்திச் சுத்தி வரும். மிருகத்துக்கும் ஈமான் இருக்கு, தொழுதிட்டு வாறவனை அதுக்குத் தெரியும் எண்டு அவர் வாற போறவங்களுக்கெல்லாம் சொல்றார்."

"பள்ளியால எத்தனை மணிக்கு வருவார்?"

"ஜும்ஆத் தொழுகை ஒரு மணிக்கு முடியும். அஞ்சு நிமிச நடை. ஆனா ரெண்டு மணியாகும். பெரிய மனுசன், எல்லாருக்கும் சலாம் குடுத்து முடிக்க வேணுமே."

ஹிதாயா கிணற்றடியில் நின்றாள். கழுத்தோரம் இன்னும் சிவப்புத் திட்டு இருந்தது. பவுலினா அவளுடைய நாடியைப் பிடித்தபடி கேட்டார்.

"வாப்பா என்ன கொண்டு வாறவர், மகள்?"

"முகாம்ல குடுக்கிற பிஸ்கட். கிழமை முழுக்க வச்சுத் தின்னுவன். ஒண்டும் செய்யிறல்ல."

"சஹன்ல உனக்குப் பக்கத்தில யார்?"

"மாமா. வாப்பா வந்தா மாமாக்கு என்மேல நல்ல விருப்பம். பெரிய இறைச்சித் துண்டாப் பாத்து, தன்ட கையாலயே பிச்சு என்ட பக்கம் வைப்பார். 'பாருங்க சம்பந்தி, என்ட மகள் மாதிரி' எண்டு சொல்லுவார்."

"வாப்பா வராத நாள்ல?"

ஹிதாயா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். "பெரிய துண்டை மாமாவே தின்டிருவார்."

திரும்பி நடக்கும்போது வின்சன்ட் ஒரே புகைச்சலில் இருந்தார். "முக்கால் மணித்தியாலம் மிஸ்ஸி! தன்ட தியாகத்தைப் பற்றியே சொன்னார். நல்லவேளை, அந்தாளை நான் கணக்கில எடுக்கல்ல. வெள்ளிக்கிழமை தலை முழுகி, தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி வுழூ செய்து, வெள்ளை உடுத்துக்கொண்டு வாற மனுசன். அந்த வீட்டிலேயே சுத்தமான கை அவர்ட கைதான்."

"ஓம். எல்லாரும் அப்படித்தான் நினைக்கினம்" என்றார் பவுலினா. "நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குப் பள்ளிக்குப் பின்னால ஹாசிம்ட தேத்தண்ணிக் கடைக்குப் போங்க. இறால் வடை ஒண்டு வாங்கிச் சாப்பிடுங்க."

"வடையா? கொலை நடக்கப் போகுது, நீங்க வடை எண்டுறீங்க!"

வெள்ளிக்கிழமை ஒன்றேகாலுக்கு ஹாஜியார் வீட்டு வாசலில் பவுலினாவைச் சந்தித்த வின்சன்ட் இன்னும் பசியோடு இருந்தார். "ஒரு தட்டு நிறைய இறால் வடை கண்ணாடிக்குள்ள இருக்கு. ஹாசிம் தர மாட்டானாம். பெரிய ஆள் ஒருத்தருக்கு எடுத்து வச்சதாம். சூடு ஆறாம இருக்கத் துணியும் போட்டு மூடுறான். இந்த ஊர்ல சாதாரண மனுசனுக்கு ஒரு வடைக்கும் வழியில்ல!"

"மெத்தப் பெரிய உதவி, வின்சன்ட்" என்றார் பவுலினா. எது உதவி என்று வின்சன்டுக்கு விளங்கவில்லை.

உள்ளே அபூசாலி வந்திருந்தார். மடித்த வெறும் சாக்குப் பை ஒன்று அவர் மடியில் இருந்தது, மகளின் உடுப்பை எடுத்துப் போக. "முகாம்ல ஓலைக் கொட்டில்தான் மிஸ்ஸி. ஆனா அங்க என்ட பிள்ளை மூச்சு விடுவாள்" என்றார். சாரா உம்மா அறைக்கும் குசினிக்குமாக நடந்துகொண்டே இருந்தார். வின்சன்ட் அறை வாசலில் தொங்கிய திரைக்கு வெளியே விறாந்தையில் அமர்ந்து, திரை ஓரமாகக் கண்ணை வைத்தார். மணி ஒன்றரை. ஒன்றே முக்கால். தூரத்தில் ஹெலிகொப்டர் ஒன்று கடல்பக்கம் இரைந்து போனது. ஜபார் நகத்தைக் கடித்தான்.

இரண்டு மணிக்கு ஹாஜியார் வந்தார், பூனை பின்தொடர.

பாய் விரித்து, நடுவே சஹன் வைத்தாயிற்று. ஹாஜியார் வழக்கம்போலத் தண்ணீர்க் கெண்டியைத் தன் கையில் எடுத்தார். "வந்தவங்களுக்கு நான்தான் தண்ணி ஊத்துவன். பெருமை எனக்குப் பிடிக்காது" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லி, அபூசாலிக்கும் மகனுக்கும் மருமகளுக்கும் கைக்கு ஊற்றினார். தண்ணீர் ஒரு பேசினில் விழுந்தது. பிறகு கெண்டியை வைத்துவிட்டுச் சஹன் முன் உட்கார்ந்தார்.

"நீங்க கை கழுவல்ல, ஹாஜியார்" என்றார் பவுலினா.

ஹாஜியார் இரக்கத்தோடு சிரித்தார். "நான் பள்ளியிலருந்து வுழூவோட வாறவன் மிஸ்ஸி. இந்தக் கைக்கு இன்னும் தண்ணி எதுக்கு?"

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்படியா?"

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்!"

"இண்டைக்கு எனக்காக ஒருக்கா. வந்தவள் கேட்டா மறுக்க மாட்டீங்க எண்டு ஊரே சொல்லுது." பவுலினா வேறொரு பேசினை அவர் முன் வைத்துக் கெண்டியை எடுத்தார். அபூசாலி பார்த்துக்கொண்டிருந்தார். அபூசாலி பார்க்கும்போது ஹாஜியாரால் எதையும் மறுக்க முடியாது. கையை நீட்டினார். பவுலினா ஊற்றினார், விரல்களைத் தேய்க்கச் சொன்னார், மறுபடியும் ஊற்றினார். பிறகு இரண்டு பேசின்களையும் நிலத்தில் பக்கம் பக்கமாக வைத்தார்.

பூனை எழுந்து வந்தது. முதல் பேசினை முகர்ந்து பார்த்துவிட்டு விலகியது. இரண்டாவதில் தலையை விட்டது. நக்க ஆரம்பித்தது.

பூனையின் நாக்குச் சத்தம் மட்டும் கேட்டது.

"தாகம் போல" என்றார் ஹாஜியார்.

"தாகத்துக்கு முதல் பேசின்லயும் தண்ணிதான் இருக்கு" என்றார் பவுலினா. "வருத்தம் வெள்ளிக்கிழமையில, அபூசாலி அண்ணன் வந்தா மட்டும் வருது. அவர் கொண்டு வாறதால இல்ல, அவர் பாத்துக்கொண்டிருக்கிறதால. அவர் வராத வெள்ளிக்கிழமையில பெரிய துண்டு ஹாஜியார்ட வாய்க்கே போயிரும். சம்பந்தி வந்தா, ஊத்துறதும் அவர், ஊட்டுறதும் அவர். தன்ட கையை மட்டும் கழுவ மாட்டார், வுழூ இருக்கே. வுழூ செய்தது பன்னிரண்டரைக்கு. ஒரு மணியிலருந்து ரெண்டு மணி வரைக்கும் அந்தக் கை எங்க இருந்தது? மக்கத்து அத்தருக்கு லேஞ்சியில மஞ்சள் கறை வராது. மஞ்சள் போட்டு எண்ணெயில பொரிச்ச பண்டத்துக்கு வரும். பூனைக்கும் அத்தரில விருப்பமில்ல."

திரைக்கு வெளியே வின்சன்ட் கத்தியேவிட்டார். "வடை! எடுத்து வச்ச வடை!"

ஹாஜியாரின் தொப்பி கொஞ்சம் சரிந்தது. "ஒண்டே ஒண்டு... ரெண்டுதான். நாலு படகு வச்சிருக்கிறவன் நான். வாசம் மூக்குல ஏறினா மனுசன் என்ன செய்யிறது? வீட்டுக்குள்ள கொண்டு வரல்லயே! வாசலைத் தாண்டாது எண்டுதானே சொன்னன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மிஸ்ஸி, இது ஊருக்குத் தெரிய வேணாம்."

"ஊருக்குத் தெரியும் ஹாஜியார். துணி போட்டு மூடி வச்சுத் தாறது ஊர்தானே. தெரியாமக் கிடந்தது உங்கட வீட்டுக்கு மட்டும்தான்."

ஜபார் தகப்பனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். அபூசாலியின் கை பையை இறுக்கியது, எழுந்துவிடுவார் போலிருந்தது. அதற்குள் சாரா உம்மா குசினிக்குப் போய், உடுப்புத் தோய்க்கிற சவுக்காரக் கட்டியோடு வந்தார். இப்போது அவர் நடையில் பதற்றமில்லை.

"கழுவுங்க."

ஹாஜியார் கழுவினார்.

"நகத்துக்குள்ள."

கழுவினார்.

"இன்னொருக்கா. இனி வெள்ளிக்கிழமையில வடை தின்டிட்டு வாங்க, வராம இருங்க, அது உங்கட பாடு. வாசல்ல சவுக்காரம் இருக்கும். பிள்ளைக்கு நான் வேற கோப்பையில போட்டுத் தருவன். ஒரே தட்டுல தின்டாத்தான் குடும்பம் எண்டு யாரும் எனக்குப் பிரசங்கம் பண்ண வேணாம்."

ஹிதாயாவின் முன் தனிக் கோப்பை வந்தது. அவள் தகப்பனைப் பார்த்தாள். "வாப்பா, நான் மாமியோட இருக்கிறன்" என்றாள். அபூசாலி பையை மறுபடியும் மெல்ல மடித்துப் பாய்க்கு அடியில் வைத்தார்.

சாப்பாடு தொடங்கியது. பழக்க தோஷத்தில் ஹாஜியாரின் கை சஹனின் நடுவிலிருந்த பெரிய இறைச்சித் துண்டை எடுத்து மருமகள் பக்கம் பாதி வழி போய்விட்டது. எல்லாருடைய கண்ணும் அந்தக் கையில் இருந்தது. கை அப்படியே நின்றது. ஹாஜியார் சம்பந்தியைப் பார்த்தார், சவுக்காரத்தோடு நின்ற மனைவியைப் பார்த்தார், பிறகு துண்டைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார்.

ஹிதாயா வாயைப் பொத்திச் சிரித்தாள். உதடு தடிக்கவில்லை.

நாலு மணி பஸ்ஸில் அபூசாலி தனியாகத் திரும்பினார். பாலாவியில் எல்லாரையும் இறக்கினார்கள். பையைத் திறக்கச் சொன்ன சிப்பாய், உள்ளே ஒன்றும் இல்லாததைக் கண்டு சந்தேகப்பட்டு, அதைத் தலைகீழாகப் பிடித்து இன்னொரு தடவையும் உதறிப் பார்த்தான்.