இடப்பக்கம் இழுக்கும் கார்

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் ஸ்டியரிங் இடப்பக்கம் இழுத்தது.

இழுப்பது புதிதல்ல. பகவதிப்பெருமாளின் மைத்துனன் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் அனுப்பிய கார் அது. என்ஜின் முன்சக்கரங்களைத்தான் சுழற்றும். என்ஜினிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் தண்டுகளில் ஒன்று நீளம், மற்றது குட்டை. அழுத்தி மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக ஓடப் பார்க்கும். நிதானமாக மிதித்து, ஸ்டியரிங்கை நேராக நிறுத்திப் பிடித்தால் தீர்ந்தது. என்ஜினியரிங் காலேஜில் பாடம் நடத்துகிற அவருக்கு இதை எவனும் சொல்லித்தர வேண்டாம்.

காலையில் கரமனை ஒர்க்ஷாப்பில் தங்கப்பன் சொல்லத்தான் பார்த்தான். "சாரே, டயர்ல காத்து ரெண்டு பக்கமும் சமம். அலைன்மென்ட்டும் நோக்கியாச்சு. வண்டியில ஒண்ணும் இல்ல, கேட்டோ."

"கிரீஸ் தடவுறவன்ட்ட கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று அவன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர் அவர்.

இப்போது விழிஞ்ஞத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிறார்கள். பொழுது சாயும் நேரம், ஐப்பசி மழை. சாலையோரத் தென்னைகளெல்லாம் கறுத்துக் கிடக்க, வைப்பர் தேய்கிற சத்தத்துக்கு நடுவே காருக்குள் ஈர ரெக்சின் வாடையோடு வேறொரு வாடையும் வந்தது. நனைந்த தலையைத் துவட்டாமல் யாரோ பின்னால் வந்து உட்கார்ந்த மாதிரி.

"வண்டி என் பக்கமாவே போகுதே. மெதுவாப் போங்க" என்றாள் அவர் மனைவி விஜயம்.

"உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்? புளி கரைக்கிற வேலையா இது? சும்மா இரு."

அவள் சும்மா இருந்தாள். இருபது வருஷமாகப் பழகிய வேலை.

மறுபடி காலை எடுத்துப் பார்த்தார். இழுத்தது. கியரை நியூட்ரலில் போட்டார். அப்போதும் இழுத்தது. சக்கரத்துக்குச் சக்தியே போகாதபோது எது இழுக்கிறது? அதுவும் யந்திரம் இழுக்கிற மாதிரி இல்லை. இழுத்தது, விட்டது, பொறுத்திருந்து மறுபடி இழுத்தது. எழுதத் தெரியாத பிள்ளையின் கையைப் பிடித்து எழுத்துப் பழக்குகிற மாதிரி.

திருவல்லம் பாலத்துக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை நிறுத்திச் சாவியை உருவினார்.

ஸ்டியரிங் மெல்லத் திரும்பியது.

"ஒர்க்ஷாப் மடையன் எதையோ கழற்றி வச்சிருக்கான்" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. கதவைத் திறந்து மழையில் இறங்கினார். முன்பக்கமாகச் சுற்றி வந்து இடது சக்கரத்தருகே குனிந்தார். சக்கரம் நேராக நின்றது. குறை எதுவும் கண்ணில் படவில்லை.

டிரைவர் பக்கத்துக் கதவு சாத்திக்கொள்ளும் சத்தம்.

பிறகு விஜயத்தின் குரல். தாழ்ந்த குரல்.

"இல்ல, அவரு எப்பவுமே அப்படித்தான்."

நிமிர்ந்தார். அவள் டிரைவர் சீட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். நிறுத்தினாள். கேட்டாள். தலையாட்டினாள். அந்தப் பக்கம் இருட்டு. இருட்டு மட்டுமா?

என்ஜின் உறுமியது.

சாவி அவர் உள்ளங்கையில் இருந்தது.

"விஜயம்! கதவைத் திற! இறங்கு!" கண்ணாடியில் அறைந்தார்.

அவள் திரும்பினாள். மேலும் கீழும் பார்த்தாள். செருப்பில் ஒட்டிய சேற்றைப் பார்க்கிற பார்வை. பிறகு பாதி இறங்கியிருந்த கண்ணாடியை முழுக்க ஏற்றினாள். அது ஏறி முடிவதற்குள் அவள் சொன்னது காதில் விழுந்தது.

"யாரோ பைத்தியம். நீங்க எடுங்க."

கார் சீறிக் கிளம்பியது. முழு மிதி. இடப்பக்கம் இழுத்திருக்க வேண்டும்.

இழுக்கவில்லை.

எதிரே வந்த லாரியின் வெளிச்சத்தில் பின்கண்ணாடி பளிச்சென்று தெரிந்தது. உள்ளே இரண்டு தலைகள். வலப்பக்கம் இருந்தவனின் வழுக்கை அவருடைய வழுக்கை. அவன் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. இரண்டு கைகளாலும் விஜயத்தின் தோள்களை அணைத்திருந்தான். கார் நூல் பிடித்தாற்போல் நேராகப் பாலத்தில் ஏறியது.