மெழுகு அடைத்த தோட்டா

புக்கிட் செலம்பாவ் ஊரின் செம்மண் பாதையில் மோரிஸின் பழைய ஜீப் உறுமிக்கொண்டு வந்து நின்றபோது மாலை ஐந்து மணி. வண்டியிலிருந்து முதலில் இறங்கியது அவருடைய பேச்சு. அப்புறம் தொந்தி. கடைசியில்தான் துப்பாக்கி.

சுகுமாரனுக்கு அந்த ஆளைப் பார்த்தாலே வாயில் கசப்பு ஊறும். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலத்தில் ஒரு குலை வெட்டுக்காரனையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் "டேய்" தான். ஆனால் அந்த வட்டாரத்தில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி அவரிடம்தான் இருந்தது.

இருபது வருஷம் அடுத்தவன் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவன் சுகுமாரன். இப்போதுதான் சொந்தமாக இரண்டு ஏக்கரில் செம்பனைக் கன்று நட்டிருந்தான். காட்டுப்பன்றி ஒன்று வந்து அடிக்குருத்தைத் தின்று முப்பது கன்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டது. மிச்சமும் போனால் மறுபடியும் அரிவாளோடு எவன் வாசலிலாவது போய் நிற்க வேண்டும். அதற்காகத்தான் இந்த மனுஷனைப் போய் "அண்ணே" என்று அழைத்தான்.

மோரிஸ் ஜீப்பின் முன்பக்கத்தில் தோட்டாக்களை வரிசையாக நிறுத்தினார்.

"எங்க தாத்தா காலத்துல பித்தளைத் தோட்டா, தெரியுமா? சுட்டுட்டு, கூட்டப் பொறுக்கிட்டு வந்து வீட்டுலயே மருந்து ரொப்புவாங்க. அப்பா காலத்துல காகிதம். மழையில நனஞ்சா ஊதிக்கும், குழல்லயே மாட்டிக்கும். இப்ப பிளாஸ்டிக்குலா! சேத்துல விழுந்தாலும் தொடச்சிட்டு சுடலாம்."

தோட்டாவை என்னவோ இவரே பெற்று வளர்த்த மாதிரி.

"தோட்டாப் பெட்டியில பறவ படம்ல போட்டிருக்கு? பன்னிக்குப் பெரிய குண்டு வேணும்ண்ணே."

"அது தீந்து போச்சி. இது பொடிக் குண்டு. கடுகு மாதிரி செதறும். பன்னிக்கு முதுகு சொறிஞ்சி விட்ட மாதிரி இருக்கும். அதான் மெழுகு ஊத்திக் கட்டியாக்கியிருக்கேன். எல்லாம் ஒன்னா போயி எறங்கும். மூளை வேணும்லா தம்பி."

சுகுமாரன் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தான். அடைத்திருந்த வெள்ளை மெழுகில் கருகிய திரித்துண்டும் ஒரு சாமந்தி இதழும் ஒட்டியிருந்தன.

"எங்க எடுத்தீங்க இந்த மெழுக?"

"போன வாரம் கல்லறைத் திருநாள்லா. பீடோங் கல்லறைத் தோட்டத்துல ஒரு சமாதி மேல சும்மா உருகிக் கெடந்துச்சி. சொரண்டிக்கிட்டேன்."

"செத்தவங்களுக்கு ஏத்தினதாச்சேண்ணே!"

"அதுக்கு? அவங்க என்ன உக்காந்து பேப்பரா படிக்கப் போறாங்க?"

அந்த இடத்திலேயே வண்டியைத் திருப்பச் சொல்லியிருக்க வேண்டும். பிடுங்கப்பட்டுக் கிடந்த கன்றுகளைப் பார்த்தான் சுகுமாரன். தோட்டாவை மோரிஸின் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

வெட்டிப்போட்ட மட்டைக் குவியலுக்குப் பின்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். எதிரே பழைய தோட்டம். மரத்தடியெல்லாம் கறுத்துக் கிடந்தது. கன்றுகளின் மேல் மட்டும் மஞ்சள் வெயில். மழை நின்ற மண்ணிலிருந்து அழுகிய பழத்தின் நெடி. கொசு. மோரிஸின் மூச்சு.

பன்றி வந்தது.

மோரிஸ் சுட்டார். காது அடைத்தது. ஆனால் மருந்து நெடி வரவில்லை. அணைத்த மெழுகுவத்தியின் புகை வாசனை வந்தது.

பன்றிக்கு ஒன்றும் ஆகவில்லை. தலையைத் தூக்கி இவர்கள் பக்கம் பார்த்தது. இவர்களை அல்ல. இவர்களுக்குப் பின்னால் இருந்த எதையோ. பிறகு வீறிட்டுக்கொண்டு ஓடியது.

"தம்பி..."

பெண் குரல். பிடரிக்கு அருகில்.

"ரொம்ப இருட்டா இருக்கு தம்பி. நெருப்பு இருக்கா?"

சுகுமாரன் திரும்பவில்லை. மோரிஸ் திரும்பினார்.

துப்பாக்கி நழுவி மட்டையின் மேல் விழுந்தது.

"டேய்... லைட்ட ஏன்டா அணச்ச?"

"என்ன லைட்டுண்ணே? வெயில் அடிக்குதே."

"பொய் சொல்லாதடா!"

வெயில் நேராக அந்த முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. விரியத் திறந்த கண்ணோடு மோரிஸ் காற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

டாக்டர்கள் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். பட்டப்பகலில் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து "லைட்டப் போடு, லைட்டப் போடு" என்று மனைவியைத் திட்டுவதே மோரிஸுக்கு வேலையாகிவிட்டது. செய்ததற்கு வருந்தினாரா? அதெல்லாம் அந்த வாயில் வராது. டாக்டர்களை மடையர்கள் என்றார்.

பன்றி அதற்குப் பிறகு வரவில்லை. ஆனால் நான்காம் நாள் காலை, கடைசி வரிசைக் கன்றுகளின் மேல் வெயில் விழவில்லை. வானத்தில் மேகம் இல்லை, பக்கத்தில் மரமும் இல்லை. மறுநாள் அடுத்த வரிசையும் இருண்டது. கன்றுகள் வெளிறத் தொடங்கின. தினம் ஒரு வரிசையாக அந்த இருட்டு அவன் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது.

சுகுமாரன் மோரிஸிடம் ஓடினான்.

"எந்த சமாதிண்ணே? சொல்லுங்க!"

"பிரிஜெட்டுன்னு பேரு போட்டிருந்துச்சி. ஒன்னே ஒன்னுதான்டா. அதுக்குப் போயி இவ்ளோ கூத்தா?"

மறுநாள் காலை பத்து மணிக்கு, ஒரு பாக்கெட் மெழுகுவத்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனான். பிரிஜெட்டின் கல்லில் கத்தி சுரண்டிய வெள்ளைக் கோடுகள் இருந்தன. மெழுகுவத்தியை ஏற்றி நட்டான். அவன் சாமி வேறு. அவளுக்கு என்ன சொல்லிக் கும்பிடுவதென்று தெரியவில்லை.

"மன்னிச்சிருங்கக்கா. பாத்துக்கிட்டு சும்மா இருந்தது என் தப்புதான்."

சுடர் ஆடாமல் நின்று எரிந்தது. அவனுக்கு மூச்சு வந்தது. எழுந்தான்.

"எனக்கு?"

பக்கத்துக் கல்லறை. கிழட்டு ஆண் குரல்.

திரும்பிப் பார்த்தான். அந்தக் கல்லிலும் கத்திக் கோடுகள். அதற்கடுத்த கல்லிலும். அதற்கடுத்ததிலும். வேலி வரைக்கும்.

ஒன்னே ஒன்னுதானாம். நாறப் பயல்.

"எனக்கு?" சின்னப் பிள்ளையின் குரல், கடைக்கோடியிலிருந்து.

பாக்கெட்டில் ஏழு மெழுகுவத்தி மிச்சம் இருந்தது. வேலியோரத்திலிருந்து ஒவ்வொரு கல்லாக வெயில் அணைந்துகொண்டே அவனை நோக்கி வந்தது.