நாற்பதடி இடைவெளி

நேற்று அவன் கையாலேயே மூடிய எல்லைக்கோடு இன்று திறந்து கிடந்தது.

டென்சில் ஸ்டாம்பர் காபிக் கோப்பையைக் கீழே வைக்க மறந்து திரைக்கு முன்னால் நின்றான். கறுப்புத் திரையில் ஒரு பச்சைக் கோடு. பழைய பத்திரம் சொன்ன திசையில், பத்திரம் சொன்ன தூரம் போய், திரும்பி, ஓடையைத் தொட்டு, மலைமுகட்டு ஓக் மரங்கள் வரை ஏறி, மறுபடி இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டிய கோடு அது. வந்து சேரவில்லை. தொடங்கிய நுனிக்கும் முடிந்த நுனிக்கும் நடுவே நாற்பதடி வெறுமையாக இருந்தது.

சேமிக்க மறந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டான். நிலம் அளந்து படம் போட்ட முப்பது வருடத்தில் ஒருநாளும் அப்படி மறந்ததில்லை என்பதை நினைக்காமல் இருக்கப் பார்த்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடைசி வரியின் தூரத்தை அழித்து, நேற்றுப் போட்ட எண்ணையே மறுபடி போட்டான். கோடு நீண்டு போய் மறு நுனியைத் தொட்டது. உருவம் மூடியது. பிழை இல்லை என்றது மென்பொருள்.

பிழை எங்கே என்று அவனுக்குத் தெரியும்.

நூறு வருடத்துக்கு முன்னால் எழுதிய பத்திரங்கள் எல்லாமே ஏதோ ஓரிடத்தில் இப்படி வாய் பிளக்கும். எழுதியவன் ஒரு எண்ணைத் தப்பாகப் படித்திருப்பான். அளந்தவன் சாராயம் குடித்திருப்பான். அப்போது நிலத்துக்குப் போய் மூலைக்கல்லைத் தேட வேண்டும். கல் கிடைத்தால் அதுதான் எல்லை, காகிதம் என்ன சொன்னாலும் சரி. கல் கிடைக்காவிட்டால் அளப்பவன் தன் புத்திப்படி முடிவு செய்யலாம்.

அந்த நாற்பதடிக்குள் ஒரு சின்ன இடுகாடு இருந்தது. ஓடைக்கல்லைச் செங்குத்தாக நட்டிருந்தார்கள். கையளவு கற்கள், பெயர் கிடையாது, எல்லாம் குழந்தைகள். மூலைக்கல் கிடைத்தால் இடுகாடு பக்கத்து நிலத்துக்காரி ஐவா ஃபியூகேட்டுடையது. கிடைக்காவிட்டால் டென்சிலின் மருமகன் ரேண்டல் வாங்கப்போகும் நிலத்துக்குள் வந்துவிடும்.

மூலைக்கல் கிடைத்திருந்தது. போன வாரம் அவனும் ரேண்டலும் மேலே ஏறியபோது, அவன் காலடியிலேயே, தலையில் பெருக்கல் குறி வெட்டியபடி. ரேண்டல் அதைப் பார்த்தான். பிறகு அவனைப் பார்த்தான்.

"நம்ம கண்ணுல ஒண்ணும் படலையே மாமா? சமதரையே அந்த ஒரு இடம்தான். அதை விட்டா வீடு கட்ட இடமில்ல. உங்க பொண்ணு டார்லா வாயும் வயிறுமா இருக்கா, அதையும் யோசிங்க."

டென்சிலின் வலது பூட்ஸ், தானாகவே போவதுபோல, காய்ந்த இலைகளைக் கல்லின் மேல் தள்ளியது.

ஜன்னலுக்கு வெளியே ஓடையிலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. டிசம்பர் மாதத்தில் இந்த மலை மடிப்புக்குள் வெயில் எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விடும். நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டும். அடுப்பில் விறகு வெடித்தது. ஈரக் கரியின் வாடையும், கழுவாத சட்டையின் வாடையும், கம்ப்யூட்டரின் சூடான தூசி வாடையும் அறைக்குள் ஒன்றாகக் கலந்து நின்றன. வரைபடத்தில் முத்திரை வைத்து, ஆறு மணிக்குள் பதிவு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். காலையில் மண் தள்ளும் எந்திரம் வந்துவிடும். 'மூலைக்கல் கிடைக்கவில்லை' என்ற குறிப்பைப் படத்தின் ஓரத்தில் தட்டச்சு செய்தபோது காதுமடல் இரண்டும் சுட்டன. அறையில் வேறு யாருமில்லை. ஆனாலும் திரும்பிப் பார்த்தான்.

கதவு தட்டாமலே திறந்தது.

"உள்ளேதான் இருக்கியா, இல்ல அந்தப் பொட்டி உன்னைத் தின்னுடுச்சா?"

ஐவா துணி சுற்றிய சட்டியோடு நின்றாள். எண்பதைத் தாண்டியவள், பனிக்காலம் முழுக்க இறந்த கணவனின் கோட்டைத்தான் போட்டிருப்பாள். டென்சிலின் மனைவி படுக்கையில் கிடந்த மாதங்களில் இதே சட்டியோடு நாள் தவறாமல் வந்தவள்.

"பீன்ஸ் சூப்பு. சோளரொட்டி மேல வச்சிருக்கேன், ஆறிடும். என்னடா தாடி இது? காட்டுல கரடி பார்த்தா சம்பந்தம் பேச வந்துடும்."

"உக்காருங்க ஐவாம்மா."

"உக்கார நேரமில்ல, இருட்டறதுக்குள்ள போகணும். உன் மருமகன் காலையில வேலியோரமா நின்னு போன்ல யாருக்கோ உத்தரவு போட்டுக்கிட்டிருந்தான். வாய் மட்டும் ஓயாம உழைக்குது அந்தப் பையனுக்கு. கை பாக்கெட்டை விட்டு வெளிய வர மாட்டேங்குது." தானே சிரித்துக்கொண்டாள். பிறகு சட்டியை மேசையில் வைத்துக்கொண்டே, ரொட்டியைப் பற்றிச் சொல்வதுபோலக் கேட்டாள். "வரைஞ்சு முடிச்சிட்டியா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு."

"எம் பொண்ணு என் பக்கம்தானே வருவா?"

அவளுடைய முதல் குழந்தை. பேர் வைப்பதற்குள் போய்விட்டது. மே மாதம் எல்லோரும் பெரிய கல்லறைத் தோட்டத்தில் பூ வைக்கப் போகும்போது, இவள் மட்டும் தனியாக மேலே ஏறி, அந்தக் கற்களைச் சுற்றித் துடைப்பத்தால் பெருக்கிவிட்டு வருவாள்.

டென்சில் சட்டியின் மூடியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பத்திரத்துல இருக்கறபடிதான் வரும்."

"அப்ப சரி. நீ வரையறதுன்னா நான் எட்டிப் பார்க்கக்கூட வேண்டாம்."

உண்மையிலேயே பார்க்கவில்லை. திரை அவள் முகத்துக்கு நேராகத்தான் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அடுத்தவர் கடிதத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதுபோலத் திருப்பிக்கொண்டு, அவன் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள். அவள் கோட்டு பனிக்குள் கரையும்வரை டென்சில் வாசல் கேட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். சட்டியைத் திறக்கவில்லை. சூப்பின் வாசனை அறை முழுக்கப் பரவியது. அதை மூச்சில் இழுக்கவே கூசியது.

அப்போதுதான் முதல் குரல் கேட்டது.

"குத்து!"

மேலே, இடுகாட்டுப் பக்கமிருந்து. ஆண் குரல். அவசரமில்லாத, வேலைப் பழக்கத்தில் வரும் குரல். கொஞ்சம் மௌனம். பிறகு, தள்ளி இன்னொரு குரல்.

"குத்தியாச்சு!"

டென்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அந்த இரண்டு சொற்களையும் அவன் வாலிபத்தில் ஆயிரம் தடவை கத்தியிருக்கிறான். சங்கிலி பிடித்து நிலம் அளக்கும்போது பின்னால் நிற்பவன், நுனியைச் சரியாகப் பிடித்துவிட்டேன் என்பதற்கு "குத்து" என்பான். முன்னால் போகிறவன் சங்கிலி முடியும் இடத்தில் சிவப்புத் துணி கட்டிய இரும்புக் கம்பியை மண்ணில் குத்திவிட்டு "குத்தியாச்சு" என்பான். பிறகு இரண்டு பேரும் நடப்பார்கள். இப்போது யாரும் அப்படி அளப்பதில்லை. எல்லாவற்றுக்கும் செயற்கைக்கோள்.

போனை எடுத்தான்.

"மாப்ள, உங்க ஆளுங்க யாராச்சும் மேல இருக்காங்களா?"

"இந்தப் பனியிலயா? அவனுங்க தூறல் விழுந்தாலே டோனட் கடைக்குள்ள ஒதுங்குற ஜாதி மாமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

"அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பறேன்."

"மனசுல எதையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. பேரே இல்லாத கல்லு. யாரு வந்து கேக்கப்போறா?"

போனை வைத்த பிறகும் குரல்கள் தொடர்ந்தன. குத்து. குத்தியாச்சு. இரண்டுக்கும் நடுவே, ஈர இலைகளின் மேல் மெல்லிய இரும்பு வளையங்கள் இழுபடும் சரசரப்பு, ஒரு நீளப் பாம்பு அவசரமில்லாமல் ஊர்வதுபோல. ஓசை ஓடைப் பக்கம் இறங்கியது. ஓடையில் நின்றது. திரும்பி மேலே ஏறத் தொடங்கியது.

அவன் திரையைப் பார்த்தான். பச்சைக் கோடும் அங்கேதான் ஓடையைத் தொட்டு மேலே ஏறியது.

கையை மேசை விளிம்பில் வைத்து அழுத்திக்கொண்டு கேட்டான். கோடு எங்கே வளைந்ததோ அங்கே குரல் வளைந்தது. கோடு எங்கே நீண்டதோ அங்கே நடை நீண்டது. முகட்டில், ஓக் மரங்களுக்கு நடுவே, எட்டாத தூரத்தில் தேய்ந்து போயிற்று. போய்விட்டது என்று மூச்சு விட்டான். அடுத்த மூலையில் மறுபடி தொடங்கியது. இறங்கியது. பத்திரத்தை அவர்கள் அளக்கவில்லை. அவன் வரைந்ததை அளந்துகொண்டு வந்தார்கள்.

கடைசி வரி மட்டும் பாக்கி.

குத்து.

குத்தியாச்சு.

குத்து.

பதில் இல்லை.

அடுப்பில் விறகு சரிந்தது. டென்சில் காத்திருந்தான். வெளியே அந்தப் பின்குரலும் காத்திருந்தது; அது காத்திருப்பது அவனுக்குத் தெரிந்தது. கடைசி வரியின் எண் திரையில் மின்னியது. அதை அழித்தால் போதும். கோடு மூலைக்கல்லிலேயே நின்றுவிடும். ரேண்டலிடம் ஒரு சொல், மகளிடம் ஒரு சொல். அவ்வளவுதான். விரல் எண்ணின் மேல் போனது. டார்லாவின் முகம் ஞாபகம் வந்தது. அவள் கேட்கப்போகும் கேள்வி அல்ல, கேட்காமல் பார்க்கப்போகும் பார்வை.

முத்திரையை வைத்தான். அனுப்பினான்.

திரை நன்றி சொன்னது.

எல்லாம் அடங்கியது. ஓடைச் சத்தம்கூட இல்லை. இவ்வளவுதானா என்று தோன்றியது. ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதிதான் அதுவரை பட்டதையெல்லாம்விட அதிகமாகக் கூசவைத்தது.

"குத்து!"

ஜன்னலுக்குக் கீழேயே.

கோட்டை மாட்டிக்கொண்டு டார்ச் விளக்கோடு வெளியே வந்தபோது, தான் ஏன் போகிறோம் என்பதற்கு ஒரு காரணத்தையும் தயார் செய்துகொண்டான். மூலைக்கல்லின் மேல் கிடக்கும் இலைகளைத் தள்ளிவிட்டு வருவான். காலையில் எந்திரம் ஓட்டுகிறவன் கண்ணில் அது தற்செயலாகப் படட்டும். யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியிருக்காது. கோழைத்தனமான காரணம் என்று அவனுக்கே தெரிந்தது. இருந்தாலும் ஏறினான்.

ஜன்னலடியில் யாருமில்லை. மேட்டிலும் யாருமில்லை. பனி டார்ச் வெளிச்சத்தை வாங்கி முகத்திலேயே திருப்பி அடித்தது. காலடியில் மண் உறைந்து கெட்டியாக இருந்தது. இடம் தெரியும். மண்டியிட்டு இலைகளைக் கையால் விலக்கினான். அழுகிய இலை வாடை. அதற்கும் கீழே, பச்சைப் பால் வாடைபோல ஏதோ ஒன்று.

கல் இல்லை.

கல் இருந்த இடத்தில் சதுரமான ஈரக் குழி. விளிம்பைத் தடவினான். விரலில் ஏதோ சில்லென்று பட்டது. பித்தளைக் கைப்பிடி. அதிலிருந்து சங்கிலி பின்னால் பனிக்குள் போயிற்று. விறைப்பாக. மறுமுனையை யாரோ பிடித்திருந்தார்கள்.

எடுக்கக் கூடாது என்று நினைத்தான். கை எடுத்துவிட்டது.

மற்ற கையில் கம்பி இருந்தது. எப்போது வந்தது? சிவப்புத் துணி நனைந்து விரலில் ஒட்டியது.

சங்கிலி தளர்ந்து கொடுத்தது. நட என்பதுபோல. நடந்தான். நேர்கோட்டில். அவன் வரைந்த கோட்டில். முதல் சின்னக் கல்லைத் தாண்டினான். அடுத்ததை. சங்கிலி சுண்டி நின்றது.

மண்டியிட்டான்.

"குத்து," என்றது முதுகுக்குப் பின்னால். இப்போது கத்தவில்லை. கத்தத் தேவையில்லாத தூரம்.

திரும்பிப் பார்க்கவில்லை. முடியவில்லை. கம்பியை மண்ணில் ஊன்றினான். மற்ற இடமெல்லாம் கல்லாக உறைந்திருந்த மண் இங்கே பிசைந்த மாவாக இருந்தது. கம்பி இறங்கியது.

அவன் அழுத்தவில்லை.

கீழே மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. ஐவாவின் வீட்டு முன்கதவு.

"மேல யாரு? டென்சிலா?"

கம்பி இறங்கிக்கொண்டேயிருந்தது. மெல்ல. விட்டுவிட்டு. கீழிருந்து இழுக்கத் தெரியாமல் இழுப்பதுபோல. கையை எடுக்கப் பார்த்தான். விரல்கள் பிரியவில்லை.

"வெளிச்சம் தெரிஞ்சுது, நீயாத்தான் இருக்கும்னு நெனச்சேன்." அவள் குரலில் சந்தேகமே இல்லை. "இருட்டுல பார்த்துடா கண்ணு. பிள்ளைங்க மேல மிதிச்சிடாத."

ஏதாவது சொல்ல வேண்டும். அவளிடம் இப்போதாவது. வாயைத் திறந்தான்.

"குத்தியாச்சு," என்றது வாய்.

சிவப்புத் துணி மண்ணுக்குள் போயிற்று. அதன் பின்னால் அவன் விரல்கள்.

உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. ஏதோ ஒன்று அவன் சுண்டுவிரலைத் தேடி வந்து, சுற்றிப் பற்றிக்கொண்டது. மிகவும் சிறியது.

பிறகு, அடுத்த விரலை இன்னொன்று.