ஏழு புள்ளி நான்கு

புருஷனை ஆறாம் படுக்கையில் கிடத்தி, அவன் கையிலிருந்து இரத்தம் எடுத்துக்கொண்டு குந்தவை லேபுக்குள் நுழைந்தபோது பகல் பன்னிரண்டு மணி. திருத்துறைப்பூண்டிச் சாலையிலிருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் எட்டு வருடமாக இரத்தம் பார்ப்பவள் அவள்தான். பூட்டிக் கிடந்த அறையில் வயல் சேற்றின் வாடை அடித்தது.

வயலில் பாட்டில் சில்லு புருஷன் இளஞ்செழியனின் காலைக் கிழித்து மூன்று நாளாகிறது. காய்ச்சல், மூச்சிரைப்பு, பிதற்றல். புண்ணின் நஞ்சு உடம்பெல்லாம் பரவியிருந்தால் இரத்தத்தில் லாக்டேட் ஏறிக் காட்டிக்கொடுக்கும். இரண்டுக்குள் இருந்தால் சரி. நான்கைத் தாண்டினால் தஞ்சாவூருக்கு ஓட வேண்டும்.

போன மாதம் இதே மாதிரிப் புண்ணோடு வந்த விவசாயி சாமிதுரைக்கு ஏழு புள்ளி நான்கு வந்தது. இரத்தம் எடுத்த குழாயை ஐஸில் வைக்காமல் குந்தவை சாப்பிடப் போயிருந்தாள். வெளியில் கிடந்தால் லாக்டேட் தானாக ஏறும், அதுதான் என்று நினைத்தாள். மறுபடி எடுக்கச் சோம்பல். "மெஷின் கோளாறு சார், நார்மல்தான்" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டாள். சாயங்காலம் சாமிதுரை செத்துப்போனார். அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை.

மெஷின் சீட்டைத் துப்பியது.

1.1.

பன்னிரண்டு பத்துக்குப் புருஷனிடம் ஓடி மறுபடி இரத்தம் எடுத்து வந்தாள். 1.1.

பெயர் இருக்கும் இடத்தில் சாமிதுரை என்றிருந்தது.

முதுகுக்குப் பின்னால், சேற்றிலிருந்து காலை உருவும் சத்தம்.

"நார்மல்தாம்மா," என்றது காதோரத்தில் ஒரு குரல். "போய்ச் சாப்பிடு."

சீட்டோடு டாக்டர் தியாகராசனிடம் ஓடினாள். "சார், மெஷின் பொய் சொல்லுது. அவரைத் தஞ்சாவூருக்கு அனுப்புங்க."

அவர் வாங்கிப் பார்த்தார். இப்போது அதில் இளஞ்செழியன் என்றுதான் இருந்தது.

"அன்னைக்கு நீங்க கோளாறுன்னு சொன்னதாலதான் கம்பெனி ஆள் வந்து பார்த்துட்டுப் போனாரு. இனிமே தப்பா காட்டாதும்மா. பிரஷரும் சரியாத்தான் இருக்கு. டிரிப்ஸ் போகட்டும், பாப்போம்."

அவளே ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். அது வாசலுக்கு வந்தபோது இளஞ்செழியனின் மூச்சு நின்றிருந்தது.

அழக்கூட முடியாமல் லேபுக்குத் திரும்பினாள். இரத்தம் எதுவும் வைக்காமலே மெஷின் ஓடியது.

இளஞ்செழியன். 7.4. எடுத்த நேரம் பகல் 12.10.

சீட்டின் ஓரத்தில் சேறு படிந்த கட்டைவிரல் ரேகை. இன்னும் ஈரம் காயவில்லை.