சல்லடை இல்லாத படகு

கிரேன் படகைத் தண்ணீரில் இறக்கி வாரைக் கழற்றிய மறுநிமிடம், படகு தானாகவே நங்கூரத்தைப் போட்டுக்கொண்டது. தெக்லா போடச் சொல்லவில்லை. கரையில் நின்ற சுயம்புவும் சொல்லவில்லை. சங்கிலி கடகடவென்று இறங்கி, தூத்துக்குடி பழைய படகுத்துறையின் சேற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

"சலேத், நங்கூரத்தைத் தூக்கு," என்றாள் தெக்லா.

"ஆள் வரவேண்டியிருக்கிறது," என்றது படகு. ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கமே இல்லாத குரல். "காத்திருக்கிறேன்."

"யாரு வரணும்? நாந்தான் வந்தாச்சே."

"ஆள் வரவேண்டியிருக்கிறது. காத்திருக்கிறேன்."

தெக்லாவுக்கு ஐம்பத்தாறு வயது. முப்பது வருடம் பல் டாக்டராக இருந்துவிட்டுப் போன வருடம்தான் கிளினிக்கை மூடினாள். அடுத்தவர் வாய்க்குள் குனிந்து குனிந்து முதுகு போனதுதான் மிச்சம், இனிமேல் அண்ணாந்து பார்க்கிற வேலை ஏதாவது செய்யவேண்டும் என்று அவள் தேடிப்பிடித்தது பாய்மரப் படகு. அதற்கு முன் அவள் ஒரு பரிசல்கூட வைத்திருந்ததில்லை. படகுப் பட்டறையின் மூலையில் கேட்பாரற்றுக் கிடந்த இருபத்தெட்டடிப் படகை அவள் தலையில் கட்டிவிட்டு, மேற்பார்வையாளன் சுயம்பு நிம்மதியாக மூச்சுவிட்டான். கடல்தாண்டி ஹாலிஃபாக்ஸில் இருக்கும் மகன் பிரிட்டோ, "இந்த வயசுல ஒனக்கு இது தேவையாம்மா?" என்று கேட்டான். தேவை என்று சொல்லிவிட்டாள்.

பதினோரு மாதம் அந்தப் படகோடு மல்லுக்கட்டினாள். அடிப்பக்கம் முழுக்கக் கொட்டலசுச் சிப்பிகள் விரற்கடை கனத்துக்கு அப்பியிருந்தன. பல்லில் காறை எடுத்த கைக்கு இது எந்த மூலைக்கு என்று கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த கருவிகளில் மூன்றை முதல் நாளே உடைத்தாள். படகின் ஈரம் காயாத உடம்பில் சாயம் அடித்தாள். ஒரே வாரத்தில் அது அப்பளம் மாதிரி பொரிந்து எழும்பியது. அழாத குறையாக அத்தனையையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு வேலை மட்டும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காமலே வந்தது. சின்னச் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கேட்டு, ஓசை மந்தமாக வந்த இடத்தை அறுத்து, சொத்தையைச் சுரண்டி எடுத்து, கண்ணாடி இழையும் பிசினும் வைத்து அடைத்தாள்.

"வாயத் தொறன்னு சொல்லலையா, டாக்டரம்மா?" என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சுயம்பு கிண்டல் பண்ணுவான்.

இப்போது பட்டறையையே மூடப்போகிறார்கள். அந்த இடத்தில் அலைத்தடுப்புச் சுவர் வருகிறது. ஜனவரி முப்பத்தொன்று மாலை ஐந்து மணிக்குள் வெளியேறாத எந்தப் படகானாலும் மறுநாள் அறுத்துத் துண்டாக்கிவிடுவார்கள். படகு நங்கூரத்தைப் போட்டுக்கொண்டு அடம்பிடித்த அன்று தேதி இருபத்தேழு.

சுயம்பு படகில் ஏறி, சுக்கானுக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்து பார்த்தான். பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"போச்சு. இது முதல் தலைமுறைச் சொற்காவலி. இதுல சல்லடையே கெடையாது."

சொற்காவலி வந்த புதிதில் ஊர் பட்ட பாட்டைத் தெக்லாவின் வயதுக்காரர்கள் மறக்கமாட்டார்கள். மனிதர் வாயால் கொடுக்கிற வாக்கைக் கேட்டுவைத்துக்கொண்டு, அதை நடத்தியே தீருகிற பெட்டி அது. கதவு, அடுப்பு, கார், கப்பல் என்று ஒன்று விடாமல் வைத்தார்கள். ஏமாற்று ஒழிந்தது, கோர்ட்டுகள் காலியாயின, எல்லாம் சரிதான். ஆனால் வாசலில் நின்று ஒப்புக்கு 'சாப்பிட்டுட்டுப் போங்க' என்று சொன்னால், உள்ளே அடுப்பு தானாகப் பற்றிக்கொண்டு உலை கொதித்தது. கல்யாண வீட்டில் யாரோ கூப்பிட்டதற்கு மரியாதைக்கு 'வந்துருவோம்' என்று சொல்லிவைத்த மனிதரை, கார் மறுநாள் விடிந்தும் விடியாமலும் அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கியது. வந்தவரும் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேந்தப் பேந்த விழித்தார்கள். அதற்கப்புறம்தான் உபசாரச் சல்லடை என்று ஒன்றைக் கண்டுபிடித்துச் சேர்த்தார்கள். எது வாக்கு, எது வாய்வார்த்தை என்று அது சலித்துவிடும். நாடு மூச்சுவிட்டது.

சலேத் அந்தச் சல்லடைக்கு முந்திய படகு. கடலில் போகிறவற்றுக்கென்று அதன் சொற்காவலியில் ஒரு விதி இருந்தது. வாரேன் என்று சொன்ன ஆளைக் கரையில் விட்டுவிட்டுப் படகு நகரக்கூடாது. கடைக்குப் போன ஒருவனை மறந்துவிட்டு மற்றவர்கள் புறப்பட்டுவிடக்கூடாதே என்று நல்லெண்ணத்தில் வைத்த விதிதான். வைத்தவன் நம் ஊர்க்காரனாக இருந்திருக்கமாட்டான். இங்கே போகிறவன்தானே வாரேன் என்று சொல்லுவான்.

"பதினாலு வருசத்துக்கு முந்தி, மார்ச்சு ஒம்பது," என்று சுயம்பு பெட்டியைப் பார்த்துப் படித்தான். "பழைய ஓனர் இஞ்ஞாசி அண்ணாச்சி படகுலருந்து எறங்கும்போது 'சரி, வாரேன்'ன்னு சொல்லியிருக்காரு. அம்புட்டுதான். பெறகு வரவே இல்ல."

"பதினாலு வருசமா ஒருத்தருக்கும் தெரியலையா?"

"மறுமாசமே புயல் வந்துச்சு, கிரேன வச்சித் தரைக்குத் தூக்கிட்டோம். தரையில கெடக்க படகு நகரலன்னு யாருக்குத் தோணும்?"

பெட்டியைப் பிடுங்கினால் இயந்திரமும் பாய்க்கயிறுகளும் சேர்ந்து செத்துவிடும். இழுத்துக்கொண்டு போகலாம் என்றால், இன்னொரு படகின் வாக்கை முறிக்க எந்த இழுவைப் படகின் சொற்காவலியும் சம்மதிக்காது. லாரியும் அப்படியே. புதுச் சல்லடை இந்தப் பழைய பெட்டியில் ஏறாது.

"ரெண்டே வழிதான்," என்றான் சுயம்பு. "சொன்ன ஆளு வரணும். இல்ல, வரமாட்டேன்னு அவரு வாயாலயே சொல்லணும்."

இஞ்ஞாசியைத் தேடி ஊரெல்லாம் அலையவேண்டியிருக்கவில்லை. துறையிலிருந்து ஐந்தாவது தெருவில்தான் இருந்தார். எழுபதைத் தாண்டிய மனிதர். தெக்லா போனில் விஷயத்தைச் சொன்னாள்.

"இன்னுமா நிக்கி?" என்றார்.

"நிக்கி. நீங்க வரமாட்டேன்னு ஒரு வார்த்தை போன்லயே சொன்னாப் போதும்."

"வரமாட்டேன்னா? அதெப்படி டாக்டர், ஒரு எடத்தப் பாத்து வரமாட்டேன்னு வாய்கூசாமச் சொல்ல முடியும்? அதுக்கு நான் ஒரு எட்டு வந்துட்டே போயிருதேன்."

முப்பதாம் தேதி காலையில், கையில் ஒரு பொட்டலம் மக்ரூனோடு வந்தார். படகில் கால் வைத்ததும் முகம் வெளிறியது. கடல் தனக்கு ஒத்துக்கொள்ளாது, சுக்கானைப் பிடித்தாலே குமட்டும், ஆசையாக வாங்கிய படகைப் பற்றி வீட்டில் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால்தான் வராமலே இருந்துவிட்டேன் என்று ஒரே மூச்சில் ஒப்பித்தார். யாரும் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

"இஞ்ஞாசி வந்துவிட்டார்," என்றது படகு. நங்கூரம் ஏறியது.

"பதினாலு வருசமா எனக்காவா நின்ன?" என்று அவர் பாய்மரத்தைத் தடவினார். கண் கலங்கிவிட்டது. சுயம்பு அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து, "அண்ணாச்சி, எறங்கும்போது ஒரு வார்த்தை பேசப்படாது," என்று காதில் சொன்னான். இஞ்ஞாசி உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டே இறங்கினார். கரையில் பத்தடி போனதும் பழக்கதோஷத்தில் திரும்பி வாயைத் திறந்தார். சுயம்பு அவரைத் தரதரவென்று வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

மறுநாள், முப்பத்தொன்று. வாடைக்காற்று தெற்கே தள்ளிவிடத் தோதாக வீசியது. மணப்பாட்டில் படகை நிறுத்த இடம் பார்த்துவைத்திருந்தாள் தெக்லா. இனிமேல் காற்று சொல்லும் பக்கம் போகவேண்டியது, அலுத்தால் திரும்பவேண்டியது, யாருக்கும் பதில் சொல்லவேண்டாம் என்பதுதான் அவள் திட்டம். பெரிய பாயை ஏற்றிக்கொண்டிருந்தபோது பிரிட்டோ கூப்பிட்டான். அங்கே அவன் படுக்கப்போகும் நேரம். இரண்டு கையிலும் கயிறு இருந்ததால் படகின் ஒலிபெருக்கியிலேயே பேசினாள்.

"மிதவைச் சட்டை போட்டிருக்கியாம்மா?"

"போட்டிருக்கேன்."

"தண்ணி, சாப்பாடு?"

"எல்லாம் இருக்குய்யா. நீ படு."

"சரிம்மா. பாத்துப் போ. வாரேன்மா."

ஒன்பது வருடமாக வாரம் தவறாமல் அவன் அப்படித்தான் போனை வைக்கிறான். அவளுடைய போனில் சல்லடை உண்டு, அது அந்தச் சொல்லை ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை. தானும் பொருட்படுத்தியதில்லை என்றுதான் தெக்லா நினைத்திருந்தாள்.

பாய்க்கயிறு கையில் இறுகி நின்றது. முன்பக்கத்தில் சங்கிலி இறங்கும் சத்தம் கேட்டது.

"பிரிட்டோ வருவதாகச் சொல்லியிருக்கிறார்," என்றது படகு. "காத்திருக்கிறேன்."

கரையில் நின்ற சுயம்பு தலையில் கைவைத்துக்கொண்டான். "அவருட்டயும் முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா டாக்டரம்மா? அஞ்சு மணிக்குத் துறை வாசலப் பூட்டிருவாங்க."

தெக்லா நாக்கைக் கடித்துக்கொண்டு மகனைத் திரும்பக் கூப்பிட்டாள்.

"எய்யா, படகு நின்னுட்டு."

"ஏம்மா? ரிப்பேரா?"

"ரிப்பேர்லாம் இல்ல. நீ வாரேன்னு சொன்னேல்லா, ஒனக்காக நிக்கி."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

"அது சும்மா சொல்லுததுதானம்மா. எல்லாரும் சொல்லுததுதான. இப்ப நான் என்ன செய்யணும்?"

"வரலன்னு ஒரு வார்த்தை சொல்லு. போதும்."

"அம்புட்டுதான?" என்றான். ஆனால் சொன்னது வேறு. "இப்ப லீவு இல்லம்மா."

"லீவு கிடைக்கும்வரை காத்திருக்கிறேன்," என்றது படகு.

"இந்த வருசம் கஷ்டம்தான்."

"அடுத்த வருடம்வரை காத்திருக்கிறேன்."

"பிள்ளைங்க படிப்பு முடியட்டும், பாப்போம்."

"காத்திருக்கிறேன்."

தெக்லாவின் சிரிப்பு நின்றுவிட்டது. இந்த மூன்றையும் அவள் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள், இதே வரிசையில். ஒவ்வொன்றுக்கும் 'சரிய்யா' என்று சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு, ஒவ்வொரு டிசம்பரிலும் மாடியறைக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றியிருக்கிறாள். தூசி அடைகிறது, அதற்காக மாற்றுகிறேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பிரிட்டோ, சொல்லிருய்யா."

"ஒனக்குக் கஷ்டமா இருக்கும்லாம்மா."

"படகை அறுத்துருவாங்க. சொல்லு."

"வரமாட்டேன்மா," என்றான். சொல்ல ஆரம்பித்ததும் அவனால் நிறுத்த முடியவில்லை. "அங்க திரும்பி வாற எண்ணம் எனக்கு இல்ல. ரொம்ப நாளாவே இல்ல. ஒங்கிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியாமதான் இழுத்துட்டே இருந்தேன்."

"பிரிட்டோ வரமாட்டார்," என்றது படகு அதே குரலில். "புறப்படலாம்."

சங்கிலி ஒவ்வொரு கண்ணியாக மேலே ஏறியது. பதினோரு மாதமாக அவள் வேண்டியது இந்தச் சத்தத்தைத்தான். கேட்டதும் அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிப் பார்க்கவில்லை, சுக்கானைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே அழுதாள். அவன் வரமாட்டான் என்பது அவளுக்குத் தெரியாத சங்கதியா? வருவான் என்று இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்ததுதான் தெரியாமல் போயிற்று.

"ஏறிட்டாம்மா?"

"ஏறிட்டுய்யா."

பாயில் காற்று நிறைந்து படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து நகர்ந்தது. சுயம்பு வாயை இறுக மூடிக்கொண்டு கையை மட்டும் தூக்கிக் காட்டினான். பட்டறையும் கிரேனும் மெதுவாகப் பின்னால் போயின. கண்ணைத் துடைத்துக்கொண்டு சுக்கானைத் திருப்பினாள். தான் அடைத்த இடங்களில் ஒன்றுகூட ஒழுகவில்லை என்பதைக் கவனித்தாள்.

"அம்மா," என்றான் பிரிட்டோ.

"ம்."

"நான் போனை வைக்கட்டா?"

"வையி."

அவன் வைக்கவில்லை. என்ன சொல்லிவிட்டு வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. வாரேன் என்றால் படகு நின்றுவிடும். போறேன் என்று பெற்றவளிடம் சொல்ல எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? மகனிடம் அதைச் சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை. ஒலிபெருக்கியில் அவன் மூச்சு கேட்டது. இந்தப் பக்கம் தண்ணீர் படகில் மோதுவது அவனுக்கும் கேட்டிருக்கும்.

கரையிலுள்ள போன் கோபுரத்தின் எல்லை எட்டுக் கடல்மைல். அதுவரைக்கும் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, போனை வைக்கவும் இல்லை. எல்லையைத் தாண்டியதும் இணைப்பு தானாக அறுந்தது.