பூசைச் சுவடி

ஆடிப் பெருக்கன்று அந்திப் பொழுதில் கொள்ளிடத்தைக் கண்ணால் கண்டிருக்கிறீர்களா, அன்பார்ந்த வாசகர்களே? காணாதவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கொஞ்சம் இரக்கப்படுவேன், அவ்வளவுதான். மேற்கே செவ்வானம் கரைந்துகொண்டிருக்க, கிழக்கே மூங்கிற் புதர்களுக்கு மேலாக முழுமைக்குச் சற்றே குறைந்த வெண்மதி தயங்கித் தயங்கித் தலைகாட்ட, செந்நிறப் புதுவெள்ளம் இரு கரையும் தொட்டு நுரை சுழித்துப் புரண்டோட, கொற்றாளூர்க் கோட்டையின் வடக்கு மதிலடியில் மங்கையர் மிதக்கவிட்ட அகல் விளக்குகள் அந்த வெள்ளத்தின்மீது ஏறி இறங்கித் தள்ளாடிச் சென்ற காட்சி இருக்கிறதே, அதைப் பார்த்துக்கொண்டே ஒருவன் இராச் சாப்பாட்டை மறந்து போகலாம். அப்படிப்பட்ட மாலையில், நட்டாற்றில் நங்கூரம் பாய்ச்சி நிறுத்திய தெப்பத்தின்மேல் அமர்ந்திருந்த இளம்பூதன் மட்டும் எதையும் பார்க்கவில்லை. அழாமல் இருப்பதற்கே அவன் பெரும்பாடு பட்டுக்கொண்டிருந்தான்.

இளம்பூதன் கொற்றாளூர் அரண்மனை ஏட்டு மண்டபத்தின் தலைமைப் புலவன். வயது இன்னும் முப்பது நிரம்பவில்லை. ஒரே நூலின் பல படிகளை எதிரெதிரே விரித்து வைத்துக்கொண்டு, எழுதினவன் கை தவறியது எது, பிற்காலத்தில் எவனோ இடையில் செருகியது எது, பாடியவன் வாயிலிருந்து பிறந்த பாடம் எது என்று பிரித்துச் சொல்வதில் அந்த நாட்டில் அவனுக்கு இணை கிடையாது. அப்படிக் கண்ட சுத்தபாடம் கல்லில் வெட்டப்பட்டதும், பழைய சுவடிகளையெல்லாம் ஆடிப் பெருக்கில் ஆற்றோடு விட்டுவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். பழைய பாடங்கள் இருந்தால் பழைய சண்டைகளும் இருக்கும் என்று முன்னோர் நினைத்தார்கள் போலும். கட்டோடு எறிந்துவிடவும் கூடாது. தீர்ப்புச் சொன்ன புலவனே கயிற்றை உருவி, தன் கையால் ஏடு ஏடாக நீரில் விட வேண்டும்.

அன்று அவன் விட வந்தது 'வடவாயிற் பாட்டு' என்ற நூலின் சுவடிகளை. இரண்டு தலைமுறைக்கு முன் பகைவர் கோட்டையை முற்றுகையிட்ட கதையைப் பாடிய நூல் அது. அந்தப் போரில் வடக்கு வாயிலைக் காத்தவன் நீலன் என்னும் வீரன். நீலன் கதவைத் திறந்துவிட்டுப் பகைவரிடம் பொன் வாங்கினான் என்று ஊரில் ஒரு பேச்சு. இல்லை, தனியாக நின்று போராடி அங்கேயே மாண்டான் என்று இன்னொரு பேச்சு. நீலனின் மகன் வயிரமேகர்தான் இப்போது வடக்கு வாயிலின் காவலர். அந்தக் காவலைத் தம் மகனுக்கு வாங்கித் தர வேண்டும் என்று நெடுநாளாகக் கண் வைத்திருந்த படைத்தலைவர் முனையரையர், மன்னர் செங்குட்டரையரின் காதில் விடாமல் ஓதி, பாட்டின் சுத்தபாடத்தைக் கண்டு கல்லில் வெட்ட வேண்டும் என்று ஆணை வாங்கினார்.

ஆறு சுவடிகள் வந்தன. ஐந்து, கோயில்களிலிருந்தும் மடங்களிலிருந்தும் வந்தவை. ஒன்றுக்கொன்று காத தூரத்தில் இருந்த ஊர்களைச் சேர்ந்தவை. ஆறாவது வயிரமேகர் வீட்டுச் சுவடி. நீலன் வாயிலில் நின்று போராடியதைச் சொல்லும் பாட்டு அந்த ஆறாவதில் மட்டுமே இருந்தது. மற்ற ஐந்திலும் யானை கதவில் மோதியதும் பகைவர் தெருவில் நுழைந்தார்கள்; இடையே நீலன் எதிர்த்ததாக ஒரு சொல்லும் இல்லை. பாட்டுப் பாடிய ஆண்டிலேயே எடுத்த படி இது என்று வயிரமேகர் சொன்னதைச் சபையில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐந்து சுவடிகள் ஒரே குரலில் சொல்வதை, ஆதாயம் உள்ள ஒரு வீட்டுச் சுவடி மறுத்தால் எதை நம்புவது? நீலனின் பாட்டு இடைச்செருகல் என்று இளம்பூதன் தீர்ப்புச் சொன்னான்.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது, அதை நான் மறைப்பானேன்? வயிரமேகரின் மகள் நீலநங்கைமீது இளம்பூதன் உயிரையே வைத்திருந்தான். அவளும் அவன்மீது அப்படித்தான். அந்த ஆறாவது சுவடியைக் கையில் எடுத்த போதெல்லாம், 'இது அவள் வீட்டுச் சுவடி. என் மனம் இதன் பக்கம் சாய்கிறது. ஆகவே இதை இரு மடங்கு சந்தேகிக்க வேண்டும்' என்று தன்னைத்தானே எச்சரித்துக்கொண்டான். நடுநிலை தவறிவிடுவோமோ என்று பயந்து பயந்தே மறுபக்கம் போய் விழுந்தான், பைத்தியக்காரன். படித்தவர்களுக்கு வரும் பைத்தியம் இது.

தீர்ப்பின் பலன் உடனே கிடைத்தது. வயிரமேகரின் வாயிற்காவல் பறிபோயிற்று. நீலன் துரோகி என்பது அரசாங்கத்தின் வாக்காகவே ஆகிவிட்டது. தந்தையின் பெயர் கெட்ட பின் சோறு இறங்காது என்று சொல்லி, அந்தக் கிழச்சிங்கம் ஆற்று நடுவில் இருந்த நாணற்றிட்டில் வடக்கு நோக்கி அமர்ந்து, உண்ணாமல் உயிர்விடும் வடக்கிருத்தல் என்னும் நோன்பைத் தொடங்கிவிட்டார். நீலநங்கை அவர் அருகிலேயே இருந்தாள். தெப்பத்திலிருந்து பார்த்தால் அந்தத் திட்டும், அதில் ஏற்றியிருந்த ஒற்றைத் தீபமும் நன்றாகத் தெரியும். இளம்பூதன் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவள் வீட்டுச் சுவடியைத்தான் அவன் முதலில் ஆற்றில் விட்டான். அதைப் பார்த்துக்கொண்டே மற்றவற்றை விடுவதற்கு அவனுக்குத் தெம்பில்லை. பிறகு ஐந்து ஊர்ச் சுவடிகளும் போயின. மிஞ்சியது பூசைச் சுவடி ஒன்றுதான்.

பூசைச் சுவடி என்பது வடவாயிற் பாட்டின் மிகப் பழைய படி. ஏட்டு மண்டபத்தில் தனிப் பீடத்தில் செம்பட்டில் சுற்றி வைத்து, மஞ்சளும் குங்குமமும் சாத்திக் கற்பூரம் காட்டி வழிபடுவார்கள்; திறக்க மாட்டார்கள். கும்பிடுகிற பொருளைப் பிரித்துப் பார்ப்பதா என்று கூச்சம். இளம்பூதனும் தினந்தோறும் காலையில் அதன் முன் விழுந்து வணங்கிவிட்டுத்தான் மற்ற ஆறையும் ஒப்புநோக்க உட்காருவான். அதையும் பார்த்துவிடலாமே என்று ஒரு நாளாவது அவனுக்குத் தோன்றியிருக்குமா? தோன்றவில்லையே, என்ன செய்வது.

பட்டை விலக்கிக் கயிற்றை உருவினான். மஞ்சள் படிந்த ஏடுகள் அவன் மடியில் சரிந்தன. பழக்கம் விடுமா? ஓரத்தில் எழுதியிருந்த ஏட்டெண்களை அவன் கண் தானாகவே பார்த்துக்கொண்டு போயிற்று. பதினேழுக்குப் பின் பத்தொன்பது வந்தது. தெப்பத்து விளக்கின் அருகே இரண்டு ஏடுகளையும் சேர்த்துப் பிடித்துப் படித்தான். பதினேழாம் ஏடு, பகைவரின் யானை கதவில் மோதுவதோடு பாதிப் பாட்டில் நின்றது. பத்தொன்பதாம் ஏடு, விடியற்காலையில் பகைவர் தெருவில் நுழைவதோடு வேறொரு பாட்டின் நடுவிலிருந்து தொடங்கியது.

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஐந்து ஊர்ச் சுவடிகளிலும் இந்த இரண்டு அரைப்பாட்டுகளும் ஒரே பாட்டாகத்தான் இருந்தன! சற்றே கரடுமுரடான அந்தப் பாட்டைப் பழங்காலத்து நடை என்று அவனே மெச்சியிருந்தான். இந்தச் சுவடியில் ஓர் ஏடு தொலைந்த பிறகு எவனோ இதைப் பார்த்துப் படியெடுத்து, அறுந்த இரண்டு முனைகளையும் முடிச்சுப் போட்டிருக்கிறான். அந்தப் படியிலிருந்தே ஐந்து ஊர்களுக்கும் போயிருக்கிறது. ஐந்து சாட்சிகள் என்று எண்ணியதெல்லாம் ஒரே சாட்சி. அதுவும் நாக்கு அறுந்த சாட்சி. ஏடு தொலைவதற்கு முன்னால் எழுதப்பட்டதும், முழுமையாக இருந்ததும் அந்த ஆறாவது ஒன்றுதான். அது இப்போது கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"தெப்பத்தைத் திட்டுக்கு விடு" என்று ஓடக்காரனிடம் இளம்பூதன் கத்தினான்.

அருகில் படகிலிருந்து சடங்கை மேற்பார்வை செய்துகொண்டிருந்த முனையரையர் நிலைமையை நொடியில் புரிந்துகொண்டார். எந்த ஏடு இல்லை என்பதை அவர் முன்பே அறிந்திருந்தாரோ என்னவோ, அதை நான் அறியேன். வாளை உருவியபடி தெப்பத்தில் தாவி ஏறினார்.

"புலவரே, வழக்கப்படி அந்த ஏடுகளை நீரில் விட்டுவிட்டுக் கரைக்கு வாரும். மன்னரின் கல்வெட்டைப் பொய்யாக்கத் துணிந்தால் உமது தலை உம்மிடம் இராது."

இளம்பூதன் ஏடுகளைப் பட்டோடு சேர்த்து உச்சந்தலையில் வைத்து மேலாடையால் முண்டாசு கட்டிக்கொண்டு வெள்ளத்தில் குதித்தான். படகிலிருந்து ஒரு வேல் பாய்ந்து வந்து அவன் தோளைக் கீறிச் சென்றது. ஆற்றங்கரையில் பிறந்தவன்தான் என்றாலும், ஏடு நனையாமல் தலையைத் தூக்கிக்கொண்டு பெருக்கில் நீந்துவது லேசா? சுழலொன்றில் இரண்டு முறை அமிழ்ந்து, தண்ணீர் குடித்து, கடைசியில் நாணலைப் பற்றித் திட்டில் ஏறினான். குருதி ஒழுகும் தோளுடன், வயிரமேகரின் காலடியில் அந்த ஏடுகளை வைத்து விழுந்தான்.

கண்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். ஐந்தும் ஒன்றே என்று தெரியாமல் எண்ணிக்கையைக் கண்டு மயங்கியதைச் சொன்னான். வயிரமேகரின் உடல் வற்றி எலும்பாகியிருந்தது. கண்கள் மட்டும் தெளிவாக இருந்தன.

"எங்கள் வீட்டுச் சுவடி எங்கே, புலவரே?" என்று மெல்லக் கேட்டார்.

"முதலில் அதைத்தான் விட்டேன், பெருமானே."

"அப்படியானால் சபைக்கு எதைக் காட்டுவீர்?"

"ஓர் ஏடு குறைவதைக் காட்டுவேன். அதில் என்ன இருந்தது என்பதற்கு நானே சாட்சி. அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம்."

கிழவர் சிரித்தார். கோபமில்லாத அந்தச் சிரிப்பைத்தான் இளம்பூதனால் தாங்க முடியவில்லை. "ஏட்டில் இல்லாததை வாய்ச்சொல்லால் ஏற்கலாகாது என்று சபைக்கு விதி சொல்லிக் கொடுத்தவர் நீர்தானே? அந்தப் பாட்டு பொய் என்று கல்லில் வெட்டுவித்ததும் உமது வாய்தான். இனி அதே வாய் மெய் என்றால் யார் கேட்பார்கள்? போகட்டும். நான் கேட்கிறேன். எனக்கு ஒரு முறை சொல்லும்."

இளம்பூதன் எழுந்து, கைகூப்பிப் பாடினான்:

*கதவு பிளந்த கருங்களிற் றெதிரே*
*கணையம் முரியத் தன்தோள் கொடுத்து*
*விடியும் வரையில் நின்றனன்*
*நெடிய கீர்த்தி நீலன் தானே.*

கதவின் குறுக்குமரம் முறிந்தபோது அதன் இடத்தில் தன் தோளைக் கொடுத்து விடியும் மட்டும் நின்றான் நீலன் என்று சொல்லும் அந்த நான்கு அடிகளை, அவற்றை அழித்தவன் வாயாலேயே கேட்டுக்கொண்டிருந்தார் நீலனின் மகன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். இரண்டாம் முறை பாடி முடித்தபோது அவர் தலை மார்பில் சாய்ந்திருந்தது. நீலநங்கை மூக்கருகே கை வைத்துப் பார்த்தாள். பிறகு மேலாடையால் தந்தையின் முகத்தை மூடினாள்.

வெகுநேரம் அவள் அழவில்லை. அழுது தீர்த்திருந்தால் இளம்பூதனுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். கடைசியில் அவன் பக்கம் திரும்பி, "ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். எங்கள் சுவடியைத் தாங்கள் அவ்வளவு சந்தேகித்தது எதனால்?" என்றாள்.

"அது உன் வீட்டுச் சுவடி என்பதால்" என்றான் அவன். "உன்மேல் வைத்த ஆசை என் அறிவை வளைத்துவிடும் என்று அஞ்சினேன், நங்கை."

"என்மீது அன்பே இல்லாத ஒருவர் அந்தச் சுவடிகளைப் பார்த்திருந்தால் என் பாட்டனாருக்கு நியாயம் கிடைத்திருக்கும். என் தந்தையும் இருந்திருப்பார்."

அவள் குரலில் சினம் இல்லை. இருந்ததை இருந்தபடி சொன்னாள்.

ஆற்றில் தீப்பந்தங்கள் நெருங்கி வந்துகொண்டிருந்தன. முனையரையரின் படகுகள் அவை. திட்டின் மறுபுறத்தில் அக்கரைக்குச் செல்லும் சிறு ஓடம் ஒன்று அவளுக்காகக் காத்திருந்தது. தந்தையின் ஈமக்கடனை அக்கரையில் தாய்மாமன் ஊரில் முடிப்பது என்று முன்பே ஏற்பாடாகியிருந்தது. ஓடக்காரனும் இளம்பூதனுமாக அந்த மெலிந்த உடலைத் தூக்கி ஓடத்தில் கிடத்தினார்கள்.

பிறகு இளம்பூதன் இடுப்பிலிருந்த எழுத்தாணியை எடுத்து ஆற்றில் எறிந்தான். "நீலநங்கை, உன் தந்தையின் உடல் சாட்சியாக ஆணையிடுகிறேன். இனி ஒரு நூலுக்கும் நான் பாடம் காணேன். இந்தப் படகுகள் என்னைக் கொல்லாமல் விட்டால், வடக்கு வாயிலில் அந்தக் கல்வெட்டின் அருகிலேயே நிற்பேன். இதில் உள்ளது பொய், இதைச் சொன்ன பாவி நான், மெய்யான பாட்டு இது என்று போவோர் வருவோர் எல்லோரிடமும் உயிருள்ளவரை சொல்லிக்கொண்டிருப்பேன்."

நீலநங்கை ஓடத்தில் ஏறி, தந்தையின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஓடக்காரன் கழியை ஊன்றித் தள்ளினான்.

"சொல்லுங்கள், புலவரே" என்றாள். "கேட்பதற்கு அங்கே நான் இருக்க மாட்டேன்."