பின்னறையில் இருப்பவர்கள்

பின்னறையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மதியத் தூக்கம் கலைந்து தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போகிற வழியில், சரியாகச் சாத்தாத கதவின் இடுக்கில் கற்பகவல்லி அவளைப் பார்த்தாள். பச்சை ரவிக்கை, சுவரைப் பார்த்துச் சம்மணம் போட்ட முதுகு, மடியில் எதையோ வைத்துக்கொண்டு ஓயாமல் அசைகிற இரண்டு முழங்கைகள். ஜன்னலில் யாரோ சாக்குத் துணி கட்டியிருந்ததால் அறைக்குள் அழுக்கு மஞ்சளாக ஓர் இருட்டு. வெளியே நாரணாபுரம் ரோட்டில் லோடு வேன் ஒன்று குலுங்கிக்கொண்டு போனது. அடுத்த வீட்டில் மிக்சி ஓடி நின்றது. கூரைத் தகரத்தில் ஒரு காகம் அலகைத் தீட்டியது. அந்த அறைக்குள்ளிருந்து மட்டும் ஒரு சத்தமும் வரவில்லை.

கற்பகவல்லி பயப்படவில்லை. கதவருகில் நின்று மூச்சை இழுத்து மோந்து பார்த்தாள். எண்ணெய் வாடை, வியர்வை வாடை, எதுவும் இல்லை. சரி, இவளும் அந்த வகைதான் என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனாள்.

முதலில் வந்தது நாய். ஆடி மாதத்தில் கட்டிலுக்கு அடியில் ஒரு சாம்பல் நிற நாய் படுத்திருந்தது. அதை விரட்டக் குனிந்தவள் கட்டில் காலில் மோதி நெற்றியைக் கிழித்துக்கொண்டாள். பிறகு துவைக்கிற கல்லில் ஒரு மொட்டைத்தலை ஆள் வந்து உட்கார்ந்தான். அதன் பிறகுதான் அவள் புருசன் மாரிசாமி அவளை மதுரைக்குக் கூட்டிப் போனார். அங்கே ஸ்கேன் எடுத்த டாக்டர் இளவயதுக்காரர், பொறுமையானவர். கவரின் பின்பக்கத்தில் பேனாவால் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டினார்.

"மூளையில நரம்புச் செல்லுங்க செத்துக்கிட்டு வருதும்மா. செல்லுக்குள்ள ஒரு புரதம் இருக்கு. அது ஒழுங்கா மடங்கி இருக்கணும். எங்கயோ ஒண்ணு கோணலா மடங்கிருது. பக்கத்துல இருக்கறதையும் கோணலாக்குது. எல்லாம் ஒட்டிக்கிட்டு உருண்டை உருண்டையா சேர்ந்துருது. செல்லு தன் குப்பையைத் தானே அள்ளிக் கொட்டும். இதை மட்டும் அள்ள முடியல. உள்ளுக்குள்ளயே மூச்சு முட்டிச் செத்துருது. சாகறதுக்கு முந்தி அடுத்த செல்லுக்கும் அந்தக் கோணலைக் குடுத்துட்டுப் போயிருது."

"இருபது வருசம் பட்டாசுக் கம்பெனியில வெடிமருந்து கலக்குற ரூம்ல கெடந்தா சார். அதனாலயா?" என்று மாரிசாமி கேட்டார்.

"அப்படிச் சொல்ல முடியாது. மொதல் கோணல் யாருக்கு ஏன் வருதுன்னு இன்னும் சரியாத் தெரியல."

"நிப்பாட்ட முடியுங்களா?"

டாக்டர் பேனாவை மூடினார். "தொந்தரவைக் குறைக்கலாம்."

"வலிக்குமா சார்?" என்று கற்பகவல்லி கேட்டாள்.

"செல்லு சாகறது வலிக்கவே வலிக்காதும்மா."

அவளை அதிகம் பயமுறுத்தியது அந்த வார்த்தைதான். வலித்தால் எங்கே என்றாவது தெரியும்.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் கம்பெனியை நினைத்துக்கொண்டு வந்தாள். அங்கே ஒவ்வொரு அறையும் தனித்தனியாக நிற்கும். நடுவில் வெட்டவெளி, வேப்பமரம், மண்மேடு. ஓர் அறை வெடித்தாலும் அடுத்தது நிற்க வேண்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. தலைக்குள் அப்படி இடைவெளி விட்டு யாரும் கட்டவில்லை.

டாக்டர் மாரிசாமியிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தார். இந்த நோய்க்காரர்கள் பார்ப்பதை மறுத்துச் சண்டை போடாதீர்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று மட்டும் அமைதியாகச் சொல்லுங்கள். ஆனால் எது இருக்கிறது, எது இல்லை என்று கண்டுபிடிக்கும் வழியைக் கற்பகவல்லி தானாகவே கண்டுபிடித்துக்கொண்டாள். மூக்கு. மருந்து அறையில் அவள் மூக்குக்குத் தனி மரியாதை. கந்தகத்தில் ஈரம் ஏறியிருந்தால் மூட்டையைப் பிரிக்கும் முன்பே சொல்லிவிடுவாள். நாய்க்கு நாய் வாடை இல்லை. மொட்டைத்தலையனுக்கு மனுச வாடை இல்லை. அதனால் அவர்கள் இல்லை.

அந்தக் கணக்கில்தான் பச்சை ரவிக்கைக்காரியையும் இல்லை என்று ஒதுக்கினாள். மறுநாள் இரண்டு முதுகுகள் இருந்தன. அந்த வாரக் கடைசியில் நான்கு.

"ஏங்க, பின்னறையில ஆளு இருக்கு."

மாரிசாமி சோற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவர் போர்மேனாக இருந்த கம்பெனியை ஆய்வுக்கு வந்தவர்கள் சீல் வைத்துவிட்டுப் போனதிலிருந்து அவர் வீட்டில்தான் இருக்கிறார். தீபாவளி ஆர்டர் அப்படியே நிற்கிறது என்று போனில் யாரிடமோ மெதுவாகப் பேசுவார்.

"பயப்படாத புள்ள," என்றார். "அவுக ஒன்னைய ஒண்ணும் பண்ண மாட்டாக."

முன்பெல்லாம் அங்கே யாரும் இல்லை என்பார். கற்பகவல்லி அதை இரவெல்லாம் யோசித்தாள். அவர் நகக்கண்ணில் வெள்ளி மாதிரி ஏதோ மின்னியதையும் யோசித்தாள். யோசனை பாதியில் அறுந்து போயிற்று. இப்போதெல்லாம் அப்படித்தான் அறுகிறது.

ஒருநாள் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருக்கையில் அந்தப் பச்சை ரவிக்கைக்காரி முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். ரவிக்கை முதுகில் ஈரம் பரந்திருந்தது. துவைகல்லில் இருந்தவன் உச்சி வெயிலில் உட்கார்ந்தும் வேர்த்ததே இல்லை.

கற்பகவல்லி மறுபடியும் மோந்து பார்த்தாள். ஒன்றுமில்லை.

மறுநாள் காலை அடுப்பில் கருவாடு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மகள் பானுப்பிரியா இருமிக்கொண்டே ஓடிவந்து சட்டியைத் துணியால் பிடித்து இறக்கினாள். அடுப்படி முழுக்கப் புகை.

"யம்மா, தெருவே நாறுது. ஒனக்கு வாடை தெரியலையா?"

கற்பகவல்லி கருகிய துண்டு ஒன்றை எடுத்து மூக்கில் வைத்தாள். பிறகு வெங்காயத்தை. பிறகு மண்ணெண்ணெய் பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள். தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்தது. மூக்கில் வாடை அறிகிற நரம்புகள்தான் முதலில் போகும் என்று டாக்டர் சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. எப்போது போனது என்றுகூட அவளுக்குத் தெரியாது. வலிக்கவில்லை.

அப்படியானால் பின்னறையில்?

அன்று மதியம் தூங்குவது போலக் கிடந்தாள். மின்விசிறி சுற்றுகிற சத்தத்துக்கு அடியில், முதல் முறையாக, அந்த அறையிலிருந்து பேச்சுக் கேட்டது.

"நேத்து என் முதுகுக்குப் பின்னால கதவுல வந்து நின்னு மோந்து பாத்துட்டுப் போறா. என்னையப் பேயின்னு நெனச்சிருப்பா போல. அம்புட்டு அழகாவா இருக்கேன்?" அது ரோஜாவின் குரல். இவள் கம்பெனியில் பத்து வருசம் திரி வெட்டியவள்.

பெண்கள் அடக்கிச் சிரித்தார்கள்.

"சத்தம் போடாதீக," என்றது மாரிசாமியின் குரல். "அவ வந்தா பேசக் கூடாது, திரும்பக் கூடாது. கையை மட்டும் ஓட்டிக்கிட்டே இருங்க. இல்லாத ஆளுன்னு நெனச்சுப் போயிருவா. சீசன் முடியிற மட்டும்தான்."

"பாவமா இருக்கு போர்மேண்ணே."

"பாவம் பாத்தா லோடு ஏறாது."

கற்பகவல்லி எழுந்து அந்தக் கதவு வரை போனாள். நிலைப்படி வந்ததும் கால் நின்றுவிட்டது. இப்போது சில நாளாக எந்த வாசலிலும் அப்படித்தான், தரை பாதத்தைப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே பேச்சு அடங்கியது. ஆறு முதுகுகள். நடுவில் பித்தளைத் தாம்பாளத்தில் சாம்பல் நிறமாகக் குவிந்திருந்தது கலந்த மருந்து. ஓர் அறைக்குள் ஆறு பேர், மருந்து, திரி, முடித்த வெடி, எல்லாம் ஒன்றாக. ஒரே ஒரு வாசல். அதில் இவள்.

மாரிசாமி வந்து தோளைப் பிடித்துத் திருப்பினார். "வா புள்ள. அங்கன ஒண்ணுமில்ல."

அடுத்த வீட்டுப் பர்வீனிடம் சொன்னாள். எங்க வீட்டுக்குள்ள வெடி சுத்துறாக, யாரையாவது கூப்பிடுங்க. பர்வீன் அவள் கையைத் தடவிக்கொடுத்து, "சரிக்கா, அண்ணன்கிட்டச் சொல்லுதேன், நீங்க மாத்திரை போட்டீகளா?" என்றாள். போன மாதம் இதே பர்வீனிடம்தான் கட்டிலுக்கு அடியில் நாய் குட்டி போட்டிருக்கிறது என்று சொல்லியிருந்தாள்.

இரண்டு நாள் மழை பெய்தது. புரட்டாசிக்கு இல்லாத மழை. வீடு முழுக்கச் சுவர் ஈரம் கசிந்தது, தகரத்திலிருந்து சொட்டு விழுகிற சத்தம் ஒவ்வொரு மூலையிலும் வேறு வேறு தாளத்தில் கேட்டது, காயாத துணிகள் கொடியில் தொங்குகிற ஆட்களைப் போல அசைந்தன. அவற்றில் எது துணி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கற்பகவல்லி பகலைக் கழித்தாள். மாரிசாமி வேனுக்குச் சொல்லப் போயிருந்தார். பானு வழக்கம்போல டிபன் பாக்ஸோடு காலண்டர் பிரஸ்ஸுக்கு வேலைக்கென்று கிளம்பியிருந்தாள். பின்னறையில் சொட்டு விழுகிற சத்தம் மட்டும் மற்ற இடம் மாதிரி இல்லை. பொத்தென்று, பொடியில் விழுகிற சத்தம்.

அவளுக்குத் தெரியும். எத்தனையோ மறந்தும் இது மறக்கவில்லை. கலந்த அலுமினிய மருந்தில் ஈரம் பட்டால் தீப்பொறி வேண்டாம். தானாகச் சூடேறும்.

சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். கதவைத் தள்ளினாள். கால் நிலைப்படியில் நின்றது.

இன்று ஏழு முதுகுகள்.

ஏழாவதாக இருந்தவளின் சடை கோணலாக இருந்தது. காலையில் கற்பகவல்லி தன் நடுங்குகிற கையால் பின்னிவிட்ட சடை. இப்படி ஒரு கோணல் சடையை வேறு யாராலும் பின்ன முடியாது.

"பானு."

யாரும் திரும்பவில்லை. கைகள் ஓடிக்கொண்டிருந்தன.

அவர்களின் முதுகுக்குப் பின்னால் இருந்தது தாம்பாளம். கூரையிலிருந்து ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. சாம்பல் குவியலின் உச்சியிலிருந்து நூல் மாதிரி ஒன்று எழுந்தது. வெள்ளையாக. நேராக.

மோந்து பார்த்தாள். ஒன்றுமில்லை.

"பானும்மா, எந்திரி. மருந்து புகையுது. ஏ ரோஜா, எல்லாரும் எந்திரிங்க."

ரோஜாவின் கை ஒரு கணம் நின்றது. மறுபடி ஓடியது.

புகை இருக்கிறதா? நாய் இருந்த மாதிரி இருக்கிறதா? கற்பகவல்லி கண்ணை மூடித் திறந்தாள். இருந்தது. கொஞ்சம் தடித்திருந்தது. காலைத் தூக்கினாள். தூங்குகிற யாருடைய காலோ போல அது கிடந்தது. கையை நீட்டினாள். விரல் நுனிக்கும் சடைக்கும் நடுவே ஒரு சாண்.

"திரும்பு தாயி. ஒரு தடவை திரும்பு."

பானுவின் கழுத்து விறைத்தது. காது மடல் சிவந்தது. அவளுக்குக் கேட்டது. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. தோள்களைக் குறுக்கி, குனிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, அம்மா நகர்ந்து போகட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் தாம்பாளத்தின் விளிம்பு மெல்லச் சிவக்கத் தொடங்கியது.